கீழே இரண்டு விரல் வெள்ளை

அத்தியாயம் 11

போன வெள்ளிக்கிழமை தபால்காரர் இறக்கிவிட்டுப் போன சாக்கு, கீழ்க்கட்டளை வீட்டு ஹாலில் சோபாவை ஒட்டி அப்படியே கிடந்தது. சுந்தரவல்லி தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். எடுத்து வைக்கச் சொல்லவில்லை. மருமகள் கண்ணில் படட்டும் என்று விட்டிருந்தாள்.

சாக்குக்குள் இருந்தவை ஜீவிதா வடிவமைத்த அழைப்பு அட்டைகள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பள்ளிக்கூடங்கள் சந்தேகப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இலவசப் பரிசோதனை முகாம். துரைராஜ் என்பவரின் சின்ன அறக்கட்டளை அதை நடத்துகிறது. போன வருடம் பெற்றோர்களுக்குப் போனில் செய்தி அனுப்பினார்கள். லிங்க்கைத் தொட்டால் பேங்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று பயந்துகொண்டு ஒருவர்கூட வரவில்லை. அதனால்தான் இந்த முறை குழந்தையின் பெயர் அச்சிட்ட அட்டை. தபால்காரர் கையால் கிடைக்கும். காட்டினால் நேராக டாக்டரிடம் போகலாம்.

அறக்கட்டளை அலுவலகம் பாதி நாள் பூட்டியே கிடக்கும் என்பதால், அனுப்புநர் இடத்தில் ஜீவிதா தன் வீட்டு முகவரியையே போட்டிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது. குன்றத்தூருக்கும் மாங்காட்டுக்கும் போக வேண்டிய முதல் தவணை மொத்தமும், போன வேகத்தில் இவள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

ஜீவிதாவின் மகள் ரேஷ்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுக்காகத்தான் ஜீவிதா சிறுசேரி வேலையை விட்டாள். இப்போது ரேஷ்மா காதில் மெஷினோடு இரண்டாம் வகுப்பில் வாயாடுகிறாள். ஜீவிதா வீட்டுப் பின்னறையில் டிசைன் தொழில் ஆரம்பித்திருக்கிறாள். இந்த அட்டை அவளுடைய முதல் பெரிய வேலை.

இன்று புதன்கிழமை. கவுண்டர் மூடுவதற்குள் புதிய அட்டைகள் தபாலில் சேராவிட்டால், வெளியூர் டாக்டர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத் துரைராஜ் நேற்றே சொல்லிவிட்டார். அவர்கள் மறுபடி வருவது அடுத்த வருடம்தான்.

“ஜீவி, மதியம் இன்டர்வ்யூ. ஞாபகம் இருக்கில்ல?”

கணவன் அன்பு ஷூவுக்கு லேஸ் கட்டியபடியே கேட்டான். சிறுசேரியில் அவளுடைய பழைய கம்பெனியிலேயே ஓர் இடம் காலியாகி இருந்தது. அவன்தான் தேடிப் பிடித்துப் பேசி, நேரம் வாங்கி வைத்திருந்தான்.

ஜீவிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் திரும்பி வந்த அட்டைகள்.

“அன்பு, ஒரு நிமிஷம் இதைப் பாரு. சட்டுனு எந்த அட்ரஸ் கண்ல படுது?”

சதுரமான, கருநீல, பளபளப்பான அட்டை. அழகாகத்தான் இருந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

“நம்ம அட்ரஸ்தான். நடுவுல, பெருசா, வெள்ளை எழுத்துல இருக்கே.”

“தபால் பிரிக்கற மெஷினுக்கும் அதான் பட்டிருக்கு. யாருக்குப் போகணுமோ அவங்க அட்ரஸ் மேல மூலைல, குட்டி ஸ்டிக்கர்ல இருக்கு. நான் போஸ்டர் மாதிரி பண்ணிட்டேன். இது தபால்.”

“சரி, தெரிஞ்சுடுச்சில்ல? துரைராஜ் சார்கிட்ட சொல்லிடு, வேற யாராவது பண்ணட்டும். நான் மதியம் கார் எடுத்துட்டு வரேன். ரெடியா இரு.”

சமையலறையிலிருந்து சுந்தரவல்லியின் குரல் வந்தது. “தெருவே வேடிக்கை பாத்தாச்சு. இன்னொரு சாக்கு வந்தா வைக்க இடமில்ல, சொல்லிட்டேன்.”

ஜீவிதா ராத்திரியே திருத்தி வைத்திருந்த புது மாதிரி அட்டையைப் பைக்குள் வைத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றாள்.

“அத்தை, ஒரு ஹெல்ப் வேணும். லிஸ்ட்ல பாதிப் பேருக்குப் பின்கோடு இல்ல. ஸ்கூல்ல கேட்டா வெச்சுருப்பாங்க. நான் கேட்டா யாரும் மதிக்க மாட்டேங்கறாங்க. நீங்க அத்தனை வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தவங்க...”

சுந்தரவல்லி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “நம்பர் எல்லாம் இருக்கா?”

“இருக்கு.”

“வெச்சுட்டுப் போ. பாக்கறேன்.”

தாம்பரம் தபால் நிலையத்தில் மொத்தத் தபால் வாங்கும் பிரிவில் அதிகாரி அபிதகுஜாம்பாள் அட்டையை வாங்கி, மேசையில் வைத்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அவசரமே கிடையாது என்று ஜீவிதாவுக்குத் தோன்றியது.

“சதுரத்தை விட்டுட்டீங்க. நல்லது. வழவழப்பு இல்லாத பேப்பர், முத்திரை மை ஒட்டும். பெறுநர் முகவரி வலது பக்கம், வெள்ளைல கறுப்பு எழுத்து. அனுப்புநர் பின்பக்கம், சின்னதா. எல்லாம் சரி.”

ஜீவிதா மூச்சு விட்டாள்.

“ஆனா இது என்ன?”

அபிதகுஜாம்பாளின் விரல் அட்டையின் அடியில் ஓடியது. அங்கே ஒரு நீல அலை. இடது மூலையில் ஒரு காதிலிருந்து புறப்பட்டு, அட்டையின் கடைசி வரை நெளிந்து போனது. ரேஷ்மா முதல் முதலாகச் சத்தம் கேட்ட அன்று கிரேயானால் கிறுக்கியது. ஜீவிதா அதை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருந்தாள். திட்டத்தின் முகமே அதுதான் என்று துரைராஜ்கூடச் சொல்லியிருந்தார்.

“அது டிசைன், மேடம்.”

“கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு ஒண்ணுமே இருக்கக்கூடாதும்மா. மெஷின் அங்கதான் தன்னோட கோடு போடும். நீங்க கோடு போட்டு வெச்சா அது எதைப் படிக்கும்? மறுபடி திரும்பி வந்துடும்.”

“கொஞ்சம் லைட் கலர்ல போட்டா?”

“நான் எடுத்துக்கறேன், மெஷின் எடுத்துக்காது. உங்க அட்டை போய்ச் சேரணுமா, அழகா இருக்கணுமா?”

குரலில் கடுமை இல்லை. அதனால்தான் ஜீவிதாவுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அந்த அலையைத் தொட மனசு வரவில்லை. சின்னதாக்கிப் பார்த்தாள். புழு மாதிரி இருந்தது. மேலே தூக்கிப் பார்த்தாள். முத்திரை இடத்தில் போய் முட்டியது.

தபால் நிலையத்துக்குள் யாரோ ஒருவர் தனக்கு வந்த கடிதத்தை அங்கேயே நின்று பிரித்துக்கொண்டிருந்தார். ஜீவிதா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் விரிந்தது. அவர் முகமும் கூடவே விரிந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அலை வெளியில் எதற்கு? வெளியில் ஒன்றுமே வேண்டாம். குழந்தையின் பெயர், முகவரி, வெள்ளை, அவ்வளவுதான். அட்டையைப் பிரித்தால் உள்ளே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அலை விரியட்டும். மடித்தால் அடங்கும். திறந்தால் ஓடும். கேட்க ஆரம்பிப்பதும் அப்படித்தானே?

மாற்றி முடித்தபோது அது பழையதைவிட நன்றாக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. லேப்டாப்போடு உள்ளே ஓடிக் காட்டினாள்.

அபிதகுஜாம்பாள் வெகு நேரம் பார்த்தாள். “மடிப்பு கீழ் பக்கம் வரணும், திறக்கற பக்கம் மேல. சீல் வெச்சு மூடிடுங்க. இடைவெளி இருந்தா வேற தபால் உள்ள புகுந்துக்கும். பின்கோடுவாரியா கட்டி எடுத்துட்டு வாங்க.” கடைசியாக, கண்ணாடியைக் கழற்றியபடி, “நல்லா இருக்கு” என்றாள்.

கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் சாலமன் பிரஸ். தபால் நிலையத்திலிருந்தே டிசைனை அனுப்பிவிட்டிருந்ததால், ஜீவிதா ஸ்கூட்டியை நிறுத்தும்போதே முதல் அட்டை மெஷினிலிருந்து வந்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், உள்ளே ஸ்டூலில் சுந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள். மடியில் பெயர்ப் பட்டியல், காதில் போன்.

“ஹெட்மாஸ்டர் மீட்டிங்ல இருந்தா என்ன? ரெஜிஸ்டர் மீட்டிங்லயா இருக்கு? எடுத்துப் பாருங்க சார். குன்றத்தூரா, அந்தப் பக்கம் கொல்லச்சேரியா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

சாலமன் ஜீவிதாவைப் பார்த்துச் சிரித்தார். “உங்க மாமியார் வந்ததுலேர்ந்து இப்டிதான் போய்கினு கீது. ஒர்த்தரையும் வுடல. எல்லா ஊர் பின்கோடும் வாங்கிட்டாங்கோ.”

“ஆட்டோல வந்தேன்” என்றாள் சுந்தரவல்லி, யாரோ குற்றம் சாட்டியது போல. “வீட்ல உக்காந்து போன் பண்ணா எழுதி எடுத்துட்டு வர லேட்டாகும். குடு, அதைப் பாப்போம்.”

சாலமன் மடித்துச் சீல் ஒட்டிக் கொடுத்த முதல் அட்டையை வாங்கினாள். வெள்ளை முகப்பைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வீட்டில் பேங்க் தபாலைப் பிரிக்கிற மாதிரி, சீல் ஒட்டிய இடத்தில் கட்டைவிரலை விட்டு ஒரே இழு இழுத்தாள்.

சர்ர்.

“ஐயையோ, அத்தை!”

“என்ன ஐயையோ? இப்படித்தான் பிரிப்பாங்க. உன்ன மாதிரி பாத்துப் பாத்தா பிரிப்பாங்க? அடுப்புல குழம்பு இருக்கும், வாசல்ல தபால் வரும்.” சுந்தரவல்லி கிழிந்த அட்டையை விரித்தாள். “முகாம் எங்கன்னு போட்டிருக்கு. என்னிக்கு?”

தேதி அச்சிட்ட இடம் சீலோடு சேர்ந்து உரிந்து வந்திருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். இத்தனை வேலையும் செய்து, அட்டை சரியான வீட்டுக்குப் போய், பிரித்த கையோடு தேதி கிழிந்து போயிருந்தால்?

“நல்லவேளை” என்றாள் ஜீவிதா மெல்ல. “நல்லவேளை அத்தை, நீங்க வந்தீங்க.”

சுந்தரவல்லி பட்டியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “தேதியை நடுவுல கொண்டா. பெருசா போடு. பேச்சு போதும்.”

தேதி நடுவுக்கு வந்தது. சீல் படும் இடம் வெற்றிடமானது. அலை ஓடியது. சாலமன் மெஷினை முழு வேகத்தில் விட்டார். அட்டைகள் வந்து விழ விழ, மாமியார் மடிக்க, மருமகள் சீல் ஒட்டினாள். குடிக்க நேரமில்லாமல் சாலமன் வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று.

அப்போதுதான் கார் ஹாரன் கேட்டது.

அன்பு உள்ளே வந்தான். கையில் அவளுடைய இஸ்திரி போட்ட சுடிதார் பை. மனைவியின் கையெல்லாம் பசை. அம்மாவைச் சுற்றிக் கட்டுக் கட்டாக அட்டைகள்.

“ஜீவி, மணி பாத்தியா? மேடவாக்கத்துல டிராஃபிக் வேற. கிளம்பு.”

“நான் வரல, அன்பு.”

“என்னது?”

“அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு வரட்டுமான்னு கேட்டேன். இன்னிக்கு இல்லன்னா இல்லன்னாங்க. சரின்னு சொல்லிட்டேன்.”

அன்பு அம்மாவைப் பார்த்தான். இத்தனை நாள் அவன் பக்கம் பேசியவள் அவள்தான். “நீயாவது சொல்லும்மா. இதெல்லாம் நமக்குத் தேவையா? போன வாரம் ஊரே சிரிச்சுதுன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன். அந்தச் சாக்கை இன்னிக்குச் சாயங்காலம் காயலான் கடைல போட்டுட்டு வா.” சுந்தரவல்லி கையிலிருந்த மடிப்பை நிறுத்தவில்லை. “ஆனா காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்டா. ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு தெருவா வாங்கியிருக்கேன். இது எதுவும் வீணாப் போகக்கூடாது. இவ பண்ணதுல தப்பு இருந்துது, திருத்திட்டா. அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

அன்பு இன்னும் சீல் ஒட்டாத ஒரு கட்டிலிருந்து மேலாக இருந்த அட்டையை எடுத்தான். வெள்ளை. ஒரு பெண் குழந்தையின் பெயர். கீழே ஒரு முகவரி. ஒரே முகவரி.

பிரித்தான். ரேஷ்மாவின் அலை அவன் இரண்டு கைகளுக்கும் இடையே விரிந்தது.

அந்த நாள் அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் மெஷினை ஆன் செய்ததும், ரேஷ்மா திடுக்கிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பிறகு அழுகையும் சிரிப்புமாகக் கிரேயானை எடுத்தது.

“இதை உள்ள வெச்சுட்டியா?” என்றான். குரல் மாறியிருந்தது.

“வெளில வைக்க இடம் குடுக்கல.”

“உள்ளதான் நல்லா இருக்கு.”

அவன் பையை மேசையில் வைத்தான். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். “எப்படி மடிக்கணும், சொல்லு.”

“மடிப்பு கீழ, திறப்பு மேல” என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில்.

சாலமன் வாய்விட்டுச் சிரித்தார். “சார், தப்பா மட்ச்சீங்கோ, காரியம் கெட்டுச்சு. நான் பொறுப்பில்ல.”

கவுண்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. பல்லாவரம் சிக்னலில் கார் நின்றபோது அன்பு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான். பின் இருக்கையில் சுந்தரவல்லி கட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் அவனைத் திட்டினாள். குரோம்பேட்டையில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. துரைராஜிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஜீவிதா எடுக்கவில்லை. இனி சொல்வதானால் நல்ல செய்தியைத்தான் சொல்வது என்று தீர்மானித்திருந்தாள்.

தாம்பரத்தில் அன்பு காரை நிறுத்தும் முன்பே அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கட்டுகளைச் சுமந்துகொண்டு மூவரும் படியேறியபோது அபிதகுஜாம்பாள் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

ஒரு கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். அளவுக் கட்டையில் வைத்தாள். எடை பார்த்தாள். அடியில் வெள்ளை இருக்கிறதா என்று விரலால் தடவினாள். ஓரங்களை நகத்தால் நெருடினாள். இன்னொரு கட்டு. இன்னொரு அட்டை. கீழ்க்கட்டளைக் கட்டில் ஓர் அட்டை மேடவாக்கம் பின்கோடோடு இருந்தது.

“அது சரிதான்” என்றாள் சுந்தரவல்லி பின்னாலிருந்து. “தெரு அந்தப் பக்கம் போயிடுது. அவங்களுக்கு மேடவாக்கத்துலேர்ந்துதான் தபால் வரும். கட்டு மாறிப்போச்சு, பின்கோடு மாறல. நான் கேட்டு வாங்கினது.”

அபிதகுஜாம்பாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அட்டையை மேடவாக்கம் கட்டுக்கு மாற்றி வைத்தாள்.

முத்திரை மையில் அமுங்கியது. ரசீதில் விழுந்தது. பக்கத்துக் கவுண்டர்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

“எடுத்துக்கறேன்” என்றாள். “ராத்திரி வண்டில போயிடும். மெஷின் துப்பினா நானே போன் பண்றேன். பண்ணலன்னா சந்தோஷமா இருங்க.”

படி இறங்கும்போது ஜீவிதா துரைராஜை அழைத்தாள். “சார், போட்டாச்சு. டாக்டர்ஸை வரச் சொல்லுங்க.” அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அவள் கண் நிறைந்து, சிரித்தாள். அன்பு அவள் கையைப் பிடித்தான். பசை ஒட்டியது. விடவில்லை.

“பசிக்குது” என்றாள் சுந்தரவல்லி. “எதிர்ல ஹோட்டல் இருக்கு. மூணு பேரும் மதியம் சாப்பிடல, யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

வியாழன் அபிதகுஜாம்பாளிடமிருந்து போன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. வேறு யார் போன் அடித்தாலும் ஜீவிதா ஓடிப்போய் எண்ணைப் பார்த்தாள். தபால்காரர் தெருவில் வந்தார்; கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். சாக்கு இல்லை. ஓர் அட்டைகூட இல்லை. கதவிடுக்கில் நின்று பார்த்த சுந்தரவல்லி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி, “எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு!” என்றாள்.

சனிக்கிழமை காலை, அட்டையில் போட்டிருந்த எண்ணுக்கு முதல் அழைப்பு வந்தது. ஜீவிதா ஸ்பீக்கரில் போட்டாள். அன்பு பேப்பரை மடித்து வைத்தான்.

“ஹலோ... கார்டுல இந்த நம்பர் போட்டுக்கீது. எம்பேரு அம்மணி. குன்றத்தூர்லேர்ந்து பேசறேன்.”

“சொல்லுங்கக்கா. கார்டு வந்துடுச்சா?”

“வந்துச்சு. எம்பொண்ணு பேரு போட்டு, தபால்கார் வூட்டாண்ட வந்து கூப்ட்டு குட்த்தாரு. அவ பேருக்கு இதுவரிக்கும் ஒரு தபால் வந்ததில்ல. தொறந்து பாத்துட்டு அந்த நீலக் கோட்டு மேலயே வெரல வச்சுகினு கீறா.”

சுந்தரவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்பு மனைவியின் தோளை அழுத்தினான்.

“கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு நானும் அங்கதான் இருப்பேன்.”

அம்மணி குரலைத் தாழ்த்தினாள்.

“அதான் பேஜாரு. அவங்கப்பா வேணாங்கறாரு. பொண்ணு காதுல மெஷின மாட்னா நாளிக்கு எவன் கட்டுவான்றாரு. கார்ட கிழிச்சுடுவேன்னு குதிக்கறாரு. நான் அரிசி டப்பால ஒளிச்சு வச்சிகீறேன். நீங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா...”

சட்டென்று அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. ஒரு ஆணின் குரல் போனைப் பிடுங்கிக்கொண்டது.

“யாரு இது? எம்பொண்ணு பேருல கார்டு அனுப்புனது யாரு?”

அன்பு கையை நீட்டினான், தான் பேசுவதாக. சுந்தரவல்லியும் எழுந்துவிட்டாள். ஜீவிதா இருவரையும் கண்ணால் நிறுத்தினாள்.

“நான்தான். வீட்லயே இருங்க சார். இதோ வரேன்.”